பட்டிங் கிறீனைப் பனிக்காலம் தாண்ட வைப்பது எப்படி

பெப்ரவரி மாதம் எங்கள் வீட்டுச் சமையலறை யன்னலில், கறிவேப்பிலைக் கன்றுக்குப் பக்கத்தில் ஆறேழு தயிர்க் கோப்பைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மண்ணும் அதன் மேல் ஒரு வட்டப் புல்லும், பனிக்கு அடியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கோல்ஃப் மைதானத்துக் கிறீன்களில் வெட்டி எடுத்தது. கிறீன் என்றால் குழியைச் சுற்றிப் பந்தை உருட்டுவதற்காக ஒட்ட வெட்டின புல்தரை. கோப்பையின் பக்கத்தில் "7 பள்ளம்", "7 மேடு", "12 போவா" என்று எழுதி வைத்திருப்பேன். எண், எத்தனையாவது கிறீன் என்பதற்கு. முதல் வருடம் மனைவி கேட்டார்: "இந்தப் புல்லுக்கும் நான் தண்ணி ஊத்தோணுமோ?" இப்போது கேட்பதில்லை. கறிவேப்பிலைக்கு ஊற்றும்போது அதற்கும் கொஞ்சம் தெளித்துவிடுகிறார்.

ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். பங்கர் என்கிற மணற்குழிகளில் மணல் இழுக்கிற பெடியனாகச் சேர்ந்தேன். இப்போது சூப்பருக்கு அடுத்த ஆள். மைதானப் பொறுப்பாளரை இங்கே எல்லோரும் சூப்பர் என்றுதான் கூப்பிடுவோம். கோடை வேலைக்கு வருகிற தமிழ்ப் பிள்ளைகள் ஏப்ரலில் வெளிறிக் கிடக்கிற கிறீனைப் பார்த்துவிட்டு, "அண்ணை, குளிரிலை எல்லாம் செத்துப் போச்சோ?" என்று கேட்பார்கள். வேலை நடுவில் பாதிதான் சொல்ல முடிகிறது. மீதிக்காக இதை எழுதுகிறேன்.

வெறும் குளிரால் புல் சாவது இங்கே குறைவு. இலையுதிர் காலத்தில் மெல்ல மெல்லக் குளிருக்குப் பழகிய நல்ல பென்ற் புல், அதாவது கிறீனுக்கென்று நாங்கள் விதைக்கிற புல், சைபருக்குக் கீழே 30 பாகையையும் தாங்கும். அதற்கு மேல் ஒரு முழம் பனி விழுந்து கிடந்தால் இன்னும் நல்லது. வெளியில் காற்று காதை அறுக்கிற நாளிலும் பனிக்கு அடியில் மண் சைபரை ஒட்டியே நிற்கும். பனி என்பது போர்வை. புல்லைக் கொல்வது தண்ணீர், அது தேங்கி, உறைந்து, உருகி, மறுபடி உறைவது. இணுவிலில் ஐயா வெங்காயம் வைத்த காலத்தில் மாரி மழை இரவில் பெய்தால், விடியுமுன் மண்வெட்டியோடு போய் வாய்க்கால் வெட்டிவிடுவார். பாத்தியில் தண்ணீர் ஒரு இரவு நின்றால் போதும், வெங்காயம் அழுகும். அந்த வேலையைத்தான் நான் இங்கே நவம்பரில் செய்கிறேன். மண்வெட்டிக்குப் பதில் சொட் கட்டர், புல்லை வேரோடு பாயாகச் சீவி எடுக்கிற மெஷின்.

முதலில் உங்கள் கிறீனில் நிற்பது என்ன புல் என்று பாருங்கள். பழைய மைதானங்களில் எப்போதும் இரண்டு கலந்து நிற்கும். பென்ற் நாங்கள் விதைத்தது. போவா தானாக வந்தது, விதை போட்டவர் ஒருவரும் இல்லை. குந்தியிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். போவா இளம் பச்சை, திட்டுத் திட்டாக நிற்கும், வசந்தம் முற்றும்போது வெள்ளைப் பூத் தள்ளும், இலையின் நுனி தோணியின் அணியம் போலக் குவிந்திருக்கும். பென்ற் இலை ஒடுங்கிக் கூராக முடியும், நிறம் சற்று நீலம் கலந்த பச்சை. கோடையில் பந்து உருள்வதற்கு இரண்டும் ஒன்றுதான். பனிக்காலத்தில் ஒன்றல்ல. ஐஸ் மூடினால் போவா 45 நாளில் இருந்தே ஆபத்து வலயத்துக்குள் வந்துவிடும், 60 நாள் தாண்டினால் பிழைப்பது அதிர்ஷ்டம். பென்ற் 90 நாள், 120 நாள் கூடக் கிடந்து எழும்பும். 1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பியர்ட் என்கிற ஆய்வாளர் புல்லை ஐஸுக்கு அடியில் கிடத்தி நாள் எண்ணிப் பார்த்தார். எங்கள் தொழிலில் ஐஸ் விழுந்த நாளைக் குறித்து வைக்கிற பழக்கம் அப்படிப்பட்ட வேலைகளில் இருந்து வந்தது.

நான் அந்தப் பழக்கத்தைப் பட்டுத்தான் படித்தேன். 2013 டிசெம்பர் 21, 22 இல் ரொறன்ரோவில் ஐஸ் மழை கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். மரங்கள் முறிந்து, லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போய், நத்தாரை மெழுகுதிரியோடு கொண்டாடின வருடம். நாங்கள் மைதானத்தில் விழுந்த கொப்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கிறீன்களுக்கு மேல் கண்ணாடி போல ஐஸ் கிடந்தது, அதன் மேல் பனி விழுந்து மூடியது. கண்ணுக்குத் தெரியாதது மனத்திலும் இல்லாமல் போனது. வழக்கமாக ஜனவரியில் ஒரு சின்ன உருகல் வந்து கழுவிவிடும். அந்த வருடம் அது போதுமான அளவு வரவேயில்லை. டிசெம்பர் 22 இல் இருந்து எண்ணினால் பெப்ரவரி 5 க்கு 45 நாள், பெப்ரவரி 20 க்கு 60 நாள். பெப்ரவரி முடிகிற வாரத்தில் சூப்பர் துளைபோட்டுப் பார்க்கச் சொன்னார். ஐஸை உடைத்தபோது எழும்பிய மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. புளித்து நாறிய மாட்டுக் கொட்டில் போல. பதினெட்டில் பதினொரு கிறீன் செத்திருந்தது. தெற்கு ஒன்ராறியோவில் அந்த வசந்தம் அழுத மைதானம் எங்களுடையது மட்டுமல்ல.

அந்த மணத்துக்குக் காரணம் இதுதான். ஐஸுக்கு அடியிலும் புல்லும் மண்ணில் உள்ள கிருமிகளும் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. தெளிந்த, கட்டியான ஐஸ் காற்றை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. ஒட்சிசன் தீர்ந்து, கரியமில வாயுவும் புளிப்பு நச்சுகளும் சேரும். புல் மூச்சுத் திணறிச் சாகிறது. அதனால் பனியும் ஐஸும் கலந்து வெள்ளையாக, பொருபொருவென்று கிடந்தால் அவ்வளவு பயமில்லை. அடியில் புல் தெரிகிற மாதிரிக் கறுத்துத் தெளிந்து கிடந்தால் அன்றைய திகதியை எழுதி வையுங்கள். எங்கள் கொட்டகைக் கதவில் ஒரு கலண்டர் அதற்கென்றே தொங்குகிறது.

இன்னொரு சாவு மார்ச் மாதத்துக்குரியது, இதுதான் அதிகம் ஏமாற்றும். புல்லின் உயிர் இலையில் இல்லை, மண்ணோடு ஒட்டிய அடிக்குருத்தில் இருக்கிறது. இரண்டு நாள் வெயில் வந்து 8 பாகைக்கு ஏறினால் போவா வசந்தம் வந்துவிட்டது என்று நம்பிக் குளிர்த் தாங்கும் சக்தியை இழந்து, தண்ணீரை உறிஞ்சிக் குருத்தை ஊதவைக்கும். பென்ற் அவ்வளவு அவசரக்காரன் அல்ல. அன்றிரவு சைபருக்குக் கீழே 10, 12 பாகைக்கு இறங்கினால், ஊதிய குருத்துக்குள் ஐஸ் ஊசிகள் முளைத்து உயிரணுக்களைக் கிழித்துவிடும். காலையில் பார்த்தால் கிறீன் பச்சையாகத்தான் இருக்கும். பத்து நாள் கழித்து, பள்ளமான இடங்கள் மட்டும் தண்ணீர் நின்ற அதே உருவத்தில் வைக்கோல் நிறமாகும்.

பனிப் பூஞ்சணம் பற்றி அதிகம் பயப்படத் தேவையில்லை, முற்கூட்டியே மருந்து அடித்திருந்தால். பனி உருகும்போது வட்ட வட்டமாக, ஈரப் பஞ்சு போலத் தெரியும். சாம்பல் நிறத்தில், கடுகிலும் சிறிய கபில அல்லது கறுப்புக் குருணிகளோடு இருந்தால் அது சாம்பல் பூஞ்சணம். இலையைத் தின்றுவிட்டுப் பெரும்பாலும் குருத்தை விட்டுவிடும். விளிம்பு இளஞ்சிவப்பாக, குருணி இல்லாமல் இருந்தால் அது இளஞ்சிவப்புப் பூஞ்சணம். அதற்குப் பனி மூட வேண்டும் என்றுகூட இல்லை, ஈரமும் குளிரும் போதும். குருத்தையும் கொல்லக்கூடியது. இரண்டிலும் முதல் வேலை, படிந்த புல்லை மெல்ல வாரிக் காற்றுப் பட விடுவது. மருந்து நிலையான பனி விழுமுன், நவம்பரில். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 இல் இருந்து அழகுக்காகப் பூச்சிகொல்லி அடிப்பது தடை, கோல்ஃப் மைதானங்களுக்கு நிபந்தனையோடு விதிவிலக்கு. அனுமதிப்பத்திரம் உள்ளவர்தான் அடிக்க வேண்டும், மற்றவர்கள் தெளிகருவியில் கை வைக்கக்கூடாது.

காற்றில் காய்ந்து சாவதும் உண்டு. மேட்டில், பனியைக் காற்று வாரிக்கொண்டு போகிற கிறீன்களில்தான். நவம்பர் மணலும் காற்றுப் புகும் போர்வையும் அதற்குப் போதும்.

இனி வேலைக்கு வருவோம்.

செப்ரெம்பர் நடுவில் வெட்டும் உயரத்தை ஏற்றத் தொடங்குங்கள். கோடையில் 3 மில்லிமீற்றரில் வெட்டினால், ஒக்ரோபர் முடிவில் நாலு, நாலரைக்கு வந்திருக்க வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் மூன்றோடு ஒன்று கூடினால் அது பெரிய இலை. அந்த இலைதான் பனிக்காலத்துக்கான சீனியைச் சேர்க்கிறது. ஆட வருகிறவர்கள் கிறீன் மெதுவாகிவிட்டது என்று முறைப்பார்கள். முறைக்கட்டும். ஒக்ரோபரில் நைதரசனை அள்ளிக் கொட்டாதீர்கள், மெத்தென்று கொழுத்த புல் முதலில் போகும்.

நிழலைப் பாருங்கள். இதைக் கோடையில் பார்த்துப் பயனில்லை. டிசெம்பர் 21 இல் ரொறன்ரோவில் நடுமதியச் சூரியன் அடிவானத்தில் இருந்து 23 பாகைதான் எழும்பும். 10 மீற்றர் உயர மரத்தின் நிழல் அப்போது ஏறக்குறைய 24 மீற்றர் நீளும். கிறீனின் தெற்கில் நிற்கிற ஒரு வரிசை ஸ்புரூஸ் மரம் அந்தக் கிறீனை மாதக்கணக்கில் இருட்டில் வைக்கும். அங்கே ஐஸ் கடைசியாகத்தான் உருகும். எங்கள் 12 ஆவது கிறீன் அப்படித்தான். மூன்று மரத்தை வெட்டச் சம்மதம் வாங்க நாலு வருடம் பிடித்தது. மரத்துக்குக் கூட்டம் போட்டு அழுகிறவர்கள் புல்லுக்கு அழமாட்டார்கள். வெட்டின அடுத்த வசந்தம் 12 தான் முதலில் திறந்தது.

தண்ணீர் வழி. எல்லாவற்றிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். கிறீனுக்கு அடியில் எவ்வளவு காசு கொட்டிக் குழாய் புதைத்திருந்தாலும், மண் உறைந்த பிறகு அந்தக் குழாய்க்கு வேலை இல்லை. மேலே ஓடுகிற தண்ணீர் மேலேயே ஓடிப் போக வேண்டும். போக விடாமல் தடுப்பது பெரும்பாலும் கொலர். கிறீனைச் சுற்றி ஒரு மீற்றர் அகலத்துக்குச் சற்று உயரமாக வெட்டுகிற வளையம் அது. வருடா வருடம் தூவுகிற மணல், இழுவைப் பாயும் தூரிகையும் தள்ளுகிற மணல், எல்லாம் அங்கே போய்ச் சேரும். இருபது வருடத்தில் ஒரு விரல் உயரத்துக்கு வரம்பு கட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வயல் வரம்பு தெரிந்த கண்ணுக்கே தெரியாது.

அதனால் இருபது லீற்றர் வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். கிறீனின் தாழ்ந்த பக்கத்தில் ஊற்றிவிட்டு நின்று பாருங்கள். தண்ணீர் விளிம்புவரை போய்த் தயங்கிப் பக்கவாட்டில் விரிந்தால், அங்கே அணை இருக்கிறது. நிரந்தரத் தீர்வு, அந்த இடத்துக் கொலரைச் சொட் கட்டரால் சுருட்டி எடுத்து, அடியில் உள்ள மணலை வழித்து, மட்டம் பார்த்து, அதே புல்லை மறுபடி விரிப்பது. செப்ரெம்பரில் செய்தால் வேர் பிடிக்கும். நேரம் தவறிவிட்டதென்றால், நவம்பர் கடைசியில் அந்தத் தாழ்ந்த இடத்தில் 30, 40 சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஒரு வாய்க்காலை வெட்டி ஏப்ரல்வரை திறந்தே விடுங்கள். வாய்க்கால் கிறீனை விட்டு வெளியே சரிவுவரை போக வேண்டும். கொலரில் மட்டும் வெட்டிவிட்டு அடுத்த புல்லில் முட்ட விட்டால் குளத்தை ஒரு மீற்றர் தள்ளி வைத்தது போலத்தான். வெட்டின புல்லை நிழலான ஓரத்தில் நெருக்கி அடுக்கி வையுங்கள். அடுத்த வசந்தம் தேவைப்படும்.

கடைசி வெட்டுக்குப் பிறகு மணல் தூவுங்கள். கோடையில் தூவுவது போலத் தேய்த்து உள்ளே இறக்க வேண்டாம். குருத்துகள் மூடி, இலை நுனிகள் மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும். உலர்ந்த மணல், உலர்ந்த நாள்.

போர்வை போடுவதா என்பது காசும் கையும் பொறுத்தது. எல்லாக் கிறீனுக்கும் வேண்டாம். நீர் புகாத போர்வை ஐஸைப் புல்லில் ஒட்டவிடாது, போவா அதிகமுள்ள, நிழலான, பள்ளமான கிறீன்களுக்கு அதுதான். விளிம்பு பூட்டாவிட்டால் மேட்டுப் பக்கத்தால் தண்ணீர் அடியில் புகுந்து, போர்வை ஐஸுக்கு மேல் போர்வையாகும். விளிம்பை மண்ணில் புதைத்து ஆணி அடியுங்கள், அல்லது மணல் மூட்டையை இடைவெளி விடாமல் அடுக்குங்கள். போடுவது பிந்தியே, மண் மேல்தோல் உறையத் தொடங்கும்போது. இளஞ்சூட்டோடு மூடினால் புல் அடியில் மூச்சு முட்டும், பூஞ்சணத்துக்கும் கொண்டாட்டம். நாங்கள் போர்வைக்கு அடியில் துளையுள்ள வடிகால் குழாயைக் கிடத்தி, ஒரு முனையை வெளியே விடுகிறோம். வாரம் ஒருமுறை இலை ஊதும் மெஷினை அந்த முனையில் வைத்து இருபது நிமிடம் ஊதினால் கெட்ட காற்று மறுபக்கத்தால் வெளியேறும். முதல் ஊதலில் வருகிற மணமே அடியில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடும்.

பனிக்காலத்தில் வேலை கவனிப்புத்தான். எங்கள் 7 ஆவது கிறீனுக்குப் பக்கத்துச் சரிவில் பிள்ளைகள் சறுக்க வருவார்கள். பாவம், நல்ல சரிவு. ஆனால் மிதிபட்ட பனி அமுங்கி ஐஸாகும். அதனால் கிறீனைச் சுற்றிக் கயிறு கட்டிச் சறுக்கலைப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டோம்.

ஐஸ் மூடி 30 நாளானதும் மாதிரி எடுங்கள். கொடியைச் செருகும் குழிவெட்டி 108 மில்லிமீற்றர் அகலம், ஆனால் உறைந்த மண்ணில் இறங்காது. துளைபோடும் மெஷினில் வட்டவாள் பூட்டினால் இறங்கும். ஒவ்வொரு கிறீனிலும் பள்ளத்தில் ஒன்று, மேட்டில் ஒன்று, போவாத் திட்டில் ஒன்று. துளையை மணலால் அடையுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து உடனே சூட்டில் வைக்காதீர்கள். ஒரு இரவு கராஜிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ மெல்ல உருகட்டும். பிறகு வெயில் யன்னல், அளவான ஈரம். ஒரு வாரத்தில் உயிருள்ளது புது இலை தள்ளும். இரண்டு வாரம் ஒன்றும் வராவிட்டால் அது போனது. பொறுமை இல்லாவிட்டால் சவர அலகால் அடிக்குருத்தை நெடுக வெட்டிப் பாருங்கள். வெள்ளையாக, இறுக்கமாக இருந்தால் உயிர். கபில நிறமாக, கூழாக இருந்தால் இல்லை. முதல் நாள் பச்சையை நம்பவேண்டாம், செத்த புல்லும் உருகினவுடன் பச்சையாகத்தான் இருக்கும்.

ஐஸை உடைப்பதா விடுவதா என்பது 40 ஆவது நாள் அளவில் எடுக்க வேண்டிய முடிவு. பென்ற் கிறீன் என்றால் விடுங்கள். போவா என்றால், பத்து நாள் வானிலை பார்த்து, மழையும் அதன் பின்னால் கடும் குளிரும் இல்லாத ஒரு வெயில் வாரத்தைத் தெரிவு செய்யுங்கள். பனி தள்ளும் மெஷினின் வாயைச் சற்று உயர்த்தி, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பனியை விட்டே தள்ளுங்கள். மிஞ்சியதைக் கையால் வாருங்கள். பிறகு கறுப்பு மணல் அல்லது கருநிற இயற்கை உரத்தைத் தூவுங்கள். ஒவ்வொரு கறுப்பு மணியும் வெயிலைக் குடித்துச் சூடாகித் தனக்குக் கீழே ஒரு துளையைத் தோண்டும். இரண்டு நாளில் ஐஸ் தேன்கூடு போலாகும். உப்பு? வேண்டவே வேண்டாம். அடுத்தது, குத்தூசி பூட்டிய காற்றூட்டும் மெஷினை ஓட்டி நொறுக்கலாம், அல்லது கோடாலிக் கம்பியால் தட்டிப் பாளம் பாளமாகக் கிளப்பலாம். புல்லோடு ஒட்டியிருக்கிற இடத்தைத் தோண்டாதீர்கள். முழுவதையும் அகற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. துளை விழுந்து காற்றுப் புகுந்தால் போதும். கூழ்ப்பனியை மட்டும் அன்றே வழித்துவிடுங்கள், இரவில் அது மறுபடி கண்ணாடியாகும்.

ஒருமுறை நாங்கள் நாலு பேர் 4 ஆவது கிறீனில் ஒரு நாள் முழுக்க உடைத்து, பாளங்களை எட்டவான பக்கம் காவச் சோம்பலில் மேட்டு விளிம்பிலேயே குவித்துவிட்டுப் போனோம். யோசனை என்னுடையது. அடுத்த கிழமை மார்ச் வெயிலில் குவியல் உருகிக் கிறீனுக்குள்ளேயே இறங்கியது, இரவில் உறைந்தது, மறுபடி உருகியது. கிறீனின் மற்றப் பக்கம் பிழைத்தது. குவியலுக்குக் கீழே விசிறி போல விரிந்த ஒரு துண்டு, நாங்கள் ஐஸை எடுத்துக் காப்பாற்றிய துண்டு, முழுக்கச் செத்தது. பாளங்களைத் தாழ்ந்த பக்கத்துக்குக் காவுங்கள், எவ்வளவு கை நொந்தாலும்.

மார்ச் முழுவதும் காலை ஏழு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் கிறீனைச் சுற்றி நடக்க வேண்டும். காலையில் வாய்க்கால் ஐஸால் அடைபட்டிருந்தால் கொத்தித் திறப்பது, மாலையில் தேங்கினதை ரப்பர் தள்ளியால் வெளியேற்றுவது. ஒரு நாள் தவறினால் முழுப் பனிக்கால வேலையும் வீண். மார்ச்சில் விடுமுறை எடுத்துக் கியூபாவுக்குப் போகிற ஆட்களை எங்கள் சூப்பர் இன்னும் மன்னிக்கவில்லை.

இவ்வளவும் செய்தும் செத்தால், ஏப்ரலில் முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இரண்டு வாரம் பார்ப்பது. வெளிறின பென்ற் எழும்பும். எழும்பாத இடம் கைப்பிடி அளவு என்றால் நாற்றுக் கிறீனில் இருந்து பிளக், அதாவது மண்ணோடு கூடிய சின்னப் புல் துண்டு, எடுத்து வைக்கலாம். மேசை அளவு என்றால் புல் பாய் விரிக்கலாம். அதற்கு மேலென்றால் விதைதான், கிறீனை மூடித் தற்காலிகக் கிறீன் வெட்ட வேண்டும்.

விதைக்குமுன் பழைய கொப்பியைப் புரட்டுங்கள். அந்த வசந்தம் கிராப்கிராஸ் என்கிற களைப்புல் முளைக்காமல் தடுக்கும் மருந்து ஏதும் போட்டிருந்தால் உங்கள் விதையும் முளைக்காது. செத்த புல்லை வாரிவிட்டு, முள்ளுருளையை மூன்று திசையில் ஓட்டி நெருக்கமாகத் துளையிடுங்கள். விதை துளைக்குள் விழவேண்டும், செத்த புல் மெத்தையின் மேல் கிடந்தால் முளைத்துக் காயும். அளவு சதுர மீற்றருக்கு 5 கிராம், 500 சதுர மீற்றர்க் கிறீனுக்கு இரண்டரைக் கிலோ. பென்ற் விதை தூள் போன்றது, ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். தனியாகத் தூவினால் ஒரே இடத்தில் கொட்டும். உலர்ந்த மணலில் கலந்து, பாதியை நெடுக்கும் பாதியைக் குறுக்குமாகத் தூவுங்கள். பொஸ்பரஸ் உள்ள தொடக்க உரம் கொஞ்சம். மேலே காற்றுப் புகும் போர்வை.

மண் 13, 15 பாகைக்கு ஏறாமல் பென்ற் அசையாது. இங்கே அது மே மாதம். போர்வை ஒன்றிரண்டு வாரம் முந்தித் தரும், ஆனால் வெயில் நாளில் அடியில் கையை விட்டுப் பாருங்கள், வெக்கை அடித்தால் மதியம் திறந்து மாலையில் மூடுங்கள். தண்ணீர் நாளுக்கு மூன்று நாலு தரம், ஒவ்வொரு தரமும் மேல்மண் நனைகிற அளவு மட்டும். பத்து நாளில் குனிந்து வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் பச்சை மயிர் போலத் தெரியும். போவாவும் தன் பாட்டில் மண்ணில் கிடந்த விதையில் இருந்து கூடவே முளைக்கும். அதோடு இப்போது சண்டை வேண்டாம்.

புல் 10 மில்லிமீற்றர் வந்ததும் நடந்து தள்ளும் மெஷினால், அலகு கூராக, புல் உலர்ந்திருக்கும்போது, ஆறேழு மில்லிமீற்றரில் முதல் வெட்டு. பிறகு கிழமைக்குக் கொஞ்சமாக இறக்குங்கள். விதைத்து ஆறு முதல் எட்டுக் கிழமைவரை கொடியை உள்ளே வைக்காதீர்கள். அந்தக் கிழமைகளில் கிளப்பில் இருந்து தொலைபேசி அடித்தபடி இருக்கும், மே மாதத்து விக்டோரியா நாளுக்குத் திறக்க முடியாதா என்பார்கள். 2014 இல் எங்களுக்கும் அடித்தது. இரண்டு கிறீனை அவசரப்பட்டுத் திறந்தோம், ஜூலையில் அந்த இரண்டையும் மறுபடி விதைத்தோம்.

அதற்கிடையில் இன்னொரு சிறு வேலை. செத்த திட்டுகள் மறையுமுன், ஏப்ரலிலேயே, ஒவ்வொரு கிறீனையும் ஏணியில் ஏறி நின்று படம் எடுத்து, திட்டின் தாழ்ந்த விளிம்புக்கு நேரே கொலருக்கு வெளியே பெயின்ற்றால் ஒரு புள்ளி வையுங்கள். மழையில் கழுவுப்பட்டால் மறுபடி வையுங்கள். செப்ரெம்பரில் வாளியைக் கொண்டு போய் ஊற்ற வேண்டிய இடம் அது.